மாட்டின் முதல் வயிறும் தீவனச் சேர்மானங்களும்



மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என விரிந்து செல்லும் படுவான்கரையில் வயலும் மாட்டுப் பட்டியும் இணைபிரியாதவை. அங்கே கறந்த பாலும் உறைந்த தயிரும், அங்கே வளர்ந்த மாட்டின் இறைச்சியும் வாவியைக் கடந்து எழுவான்கரைச் சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. நெல்லை விற்றுக் கடனை அடைப்பவன் உழவன். நெல் பொய்த்த ஆண்டில் ஒரு மாட்டை விற்றுக் குடும்பத்தைக் காப்பவனும் அவனே. ஆகவே மாட்டின் உடல்நலம் என்பது அப்பகுதி மக்களின் சேமிப்பு நலமுமாகும்.

அண்மைக் காலமாக, மாட்டை விரைவில் கொழுக்கவைக்கும் என்று சொல்லப்படும் பொடிகளையும் கரைசல்களையும் பற்றிப் பட்டிக்காரர் பலர் விசாரிக்கின்றனர். தீவனத்தோடு சிறிதளவு கலந்து கொடுக்கப்படும் இத்தகைய பொருள்களைத் தீவனச் சேர்மானங்கள் என்கிறோம். இவை எவ்வாறு வேலை செய்கின்றன? நம் மாடுகளுக்கு இவை வேண்டுமா? வேண்டுமாயின் எவை வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். விடை காண்பதற்கு முன்னர் மாட்டின் வயிற்றை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

மாடு இரைமீட்டும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியது முதல் அறை. இடப்புற விலாவை ஏறக்குறைய முழுவதும் நிறைத்திருப்பது அதுவே. மாடு அவசரமாக மேய்ந்த புல் முதலில் இங்கே வந்து தங்குகிறது. பின்னர் நிழலில் படுத்திருக்கும்போது சிறிது சிறிதாக வாய்க்கு மீண்டு, நன்றாக மென்று அரைக்கப்பட்டுத் திரும்பவும் உள்ளே செல்கிறது. இம்முதல் வயிற்றில் புல்லைச் செரிக்கவைப்பது மாடு சுரக்கும் சாறு அன்று. அங்கே குடியிருக்கும் எண்ணற்ற நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. ஒரு மில்லிலீற்றர் வயிற்றுநீரில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

இவ்வுலகம் மனிதன் கண்ணுக்குப் புலப்பட்டது அண்மையிலேதான். 1843 ஆம் ஆண்டில் குரூபி, தெலாபோன் என்னும் இருவர் பிரான்சில் மாட்டின் வயிற்றுநீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அங்கு நீந்தித் திரியும் ஓரணு உயிர்களைக் கண்டனர். காற்றுப் பட்டால் மடிந்துபோகும் பற்றீரியாக்களைத் தனித்தனியே வளர்த்து ஆராயும் வழியை வகுத்தவர் அமெரிக்க அறிஞர் ரொபேர்ட் ஹங்கேற். முதல் வயிறும் அதன் நுண்ணுயிர்களும் பற்றி 1966 இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

இந்நுண்ணுயிர்கள் புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரை உடைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் வயிற்றுச் சுவரினூடாக இரத்தத்திற் கலந்து, மாட்டுக்கு வேண்டிய சத்தியில் ஏறக்குறைய 70 சதவீதத்தைக் கொடுக்கின்றன. இது மட்டுமன்று. நுண்ணுயிர்கள் பெருகி, வயிற்றின் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டுச் செரிக்கும்போது, அவற்றின் உடலே மாட்டுக்குப் புரத உணவாகிறது. ஆகவே நாம் மாட்டின் முன் வைக்கும் உணவு முதலில் மாட்டுக்கு அன்று. அதன் வயிற்றிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கே உரியது. அக்குடிகள் நலமாயிருந்தால் மாடு நலமாயிருக்கும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் சேர்மானங்களைப் பற்றிய மற்றெல்லாம் எளிதில் விளங்கும்.

நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு அதிகப் புளிப்பு ஆகாது. பெரிய இனத்துப் பசு நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேலாகவும் உமிழ்நீர் சுரக்கிறது. நம் நாட்டு மாடு தன் உடலுக்கு ஏற்ப அதிற் குறைவாகச் சுரக்கும். அந்த உமிழ்நீரில் அப்பச்சோடாவிலுள்ள அதே காரப் பொருள் இருக்கிறது. நார்த்தீவனத்தை மாடு மணிக்கணக்காக மெல்ல மெல்ல, உமிழ்நீர் ஊறி உள்ளே சென்று புளிப்பைத் தணித்துக்கொண்டேயிருக்கும். வைக்கோலும் புல்லும் இவ்வாறு தமக்கு வேண்டிய மாற்றைத் தாமே தேடிக்கொள்கின்றன.

தானியத்தின் இயல்பு வேறு. நெல், அரிசி, சோளம் ஆகியவற்றில் உள்ள மாப்பொருள் மிக விரைவில் நொதிப்பது. மெல்லும் வேலையும் குறைவு. ஆதலின் உமிழ்நீரும் குறைவு. பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் நிறையத் தானியத்தைத் தின்றுவிட்டால், மாப்பொருளை உண்ணும் ஒரு சில பற்றீரியாக்கள் மட்டும் கட்டின்றிப் பெருகி லக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பாலைத் தயிராக்கும் அமிலமும் இதுவே. சட்டியில் அது உறையும்போது நமக்கு விருந்து. மாட்டின் வயிற்றில் அது தேங்கும்போது நஞ்சு. புளிப்பு ஏற ஏற நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் இரத்தத்தை விட்டு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. வயிற்றுச் சுவர் புண்ணாகிறது. அமிலம் இரத்தத்திலும் ஏறினால் மாடு ஓரிரு நாளில் இறந்துபோவதும் உண்டு. தப்பிப் பிழைத்த மாட்டுக்கும் பின்னாளில் ஈரலிற் சீழ்க்கட்டியும் குளம்பு நோயும் வரக்கூடும்.

இது எங்கோ பிறநாட்டில் நிகழும் நோயன்று. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களிலும், சிறுபோக அறுவடை முடியும் ஆவணியை ஒட்டியும், களவெட்டியில் நெல் குவிந்திருக்கும். தெருவோரங்களிலும் நெல் காயும். அறுத்த வயலில் தாளடி மேய வந்த மாடுகள் இரவில் காவலற்ற குவியலில் வாய் வைத்தால் இந்நோய் தவறாது வரும். தைப்பொங்கலுக்கு மறுநாள் அன்பு மேலீட்டால் வாளி வாளியாகப் பொங்கலும் சோறும் ஊட்டுவதும், கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று ஒரே மாட்டுக்குக் கொட்டிவிடுவதும் இதே விளைவைத் தரும். வேகவைத்த சோறு நெல்லைவிட விரைவில் நொதிக்கும் என்பதை மறக்கலாகாது.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. தானியம் தின்ற மாடு முதற் சில மணி நேரம் ஒரு குறையுமின்றித் தோன்றும். அரை நாளோ ஒரு நாளோ கழிந்த பின்னரே அடையாளங்கள் தெரியும். இரைமீட்டுதல் நின்றுவிடும், இடப்புற வயிறு உப்பும், சாணம் நீராகிப் புளித்த நாற்றம் வீசும், கண் குழி விழும், நடை தள்ளாடும், இறுதியிற் படுத்துவிடும். படுத்த பின் காப்பாற்றுவது மிகக் கடினம். ஆகையால் மாடு தானியத்தைத் தின்றுவிட்டது என்று அறிந்த அக்கணமே, அது நலமாகத் தோன்றினாலும், மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவர் வரும்வரையில் தானியத்தை முற்றாக அகற்றி, வைக்கோலை மட்டும் முன்னே வைத்து, மாட்டைப் படுக்கவிடாது மெல்ல நடத்திக்கொண்டிருத்தல் நன்று. கைமருந்தென்று எண்ணெயையும் கரைசலையும் வாயில் ஊற்றி, மூச்சுக்குழலில் ஏறவிட்டு இன்னொரு கேட்டை வருவிக்கலாகாது.

இனிச் சேர்மானங்களுக்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் இறைச்சிக்குரிய மாடுகளை அவற்றின் இறுதி மாதங்களில் பெரும் பட்டிகளில் அடைத்துத் தானியம் ஊட்டி வளர்க்கின்றனர். அங்கே அவை உண்ணும் தீவனத்திற் பெரும்பகுதி சோளம் போன்ற தானியமே. நார் ஒரு சிறுபகுதிதான். நாம் முன்னர் கூறிய புளிப்பு நோயின் விளிம்பிலேயே அம்மாடுகள் நாள்தோறும் நிற்கின்றன எனலாம். அந்த விளிம்பிலிருந்து தவறி விழாமற் காப்பதற்கே அங்குச் சேர்மானங்கள் பலவும் ஏற்பட்டன. அப்பச்சோடா போன்ற காரப் பொருள்கள் புளிப்பைத் தணிக்கின்றன. நொதிமம் எனப்படும் ஈஸ்ட்டு, லக்டிக் அமிலத்தை உண்டு தீர்க்கும் பற்றீரியாக்களுக்குத் துணைசெய்கிறது. மொனென்சின் என்னும் மருந்து, அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் சிலவற்றை அடக்கி, அதே தீவனத்தில் அதிகச் சத்தி கிடைக்கச் செய்கிறது. கோழிகளின் குடல் நோய்க்கு முதலில் வந்த இம்மருந்து, 1975 இல் அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு அனுமதிக்கப்பட்டது.

ஆயின் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மொனென்சின் அளவு மிஞ்சினால் மாட்டையே கொல்லும். குதிரைக்கோ சிறிதளவும் நஞ்சு. உடல் வளர்ச்சிக்கென நோயெதிர் மருந்துகளைத் தீவனத்திற் கலக்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதலாந் திகதியோடு நிறுத்திவிட்டது. மாட்டுத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலக்கப்பட்ட மொனென்சினும் அத்தடைக்குள் அடங்கிற்று. மருந்தை நாள்தோறும் உணவாக்கினால் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றி மனிதருக்கும் தீங்கு செய்யலாம் என்னும் அச்சமே இத்தகைய கட்டுப்பாட்டுக்குக் காரணம்.

நேயர்களே, இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். அச்சேர்மானங்கள் தானியத்தால் வந்த நோய்க்கு மாற்று. நம் பட்டி மாடுகளோ தானியம் தின்று வளர்பவையல்ல. அவற்றின் குறை வேறு. நேர்மாறானது என்றே சொல்லலாம். பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் மாதங்களில் மாடுகள் வயற்புறத்தை விட்டு வெளியேற வேண்டும். அப்போது அவற்றுக்குப் புகலிடமாவன மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சற் றரைகள். அத்தரைகள் பயிர்ச்செய்கைக்காகப் பிடிக்கப்படுகின்றன என்று முறையிட்டு, 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிற் பண்ணையாளர் தொடர் போராட்டத்தில் இறங்கினர் என்பது நாம் அறிந்ததே. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க மாட்டின் வயிறும் சுருங்குகிறது.

பசி மட்டும் தீங்கன்று. பசியோடு மழையும் குளிரும் சேரும்போது அது பெருந் தீங்காகிறது. 2022 டிசெம்பரில் ஒரு புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒரு சில நாளில் மடிந்தன. நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்யும்போது வெப்பம் பிறக்கிறது. நிறைந்த முதல் வயிறு மாட்டுக்குள் எரியும் ஒரு கணப்பு. வெறுவயிற்றோடு வெட்டவெளியில் நனைந்து நிற்கும் மாட்டுக்கு அக்கணப்பு அணைந்துவிடுகிறது. உணவு நிறைவாயிருந்தால் அன்று இறந்தவை யாவும் பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. எனினும் எலும்புந் தோலுமாக மாரியை எதிர்கொள்ளும் மாட்டைவிட, வயிறு நிறைந்த மாடு குளிரைத் தாங்க வல்லது என்பதில் ஐயமில்லை.

அந்த வயிற்றை எதனால் நிரப்புவது? விடை நம் வயலிலேயே கிடக்கிறது. ஓர் ஏக்கரில் எவ்வளவு நெல் விளைகிறதோ ஏறக்குறைய அவ்வளவு எடை வைக்கோலும் விளைகிறது. முன்னர் சூடடித்த களத்தருகே வைக்கோற்போர் உயர்ந்து நிற்கும். இன்று அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் சிதறிவிட்டுப் போக, அள்ளுவாரின்றி அது தீக்கிரையாகிறது. மாசியில் எரித்த வைக்கோலுக்காக மார்கழியில் மாடு ஏங்குகிறது.

வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் ஊட்டம் குறைந்தது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே அதிற் புரதம் உண்டு. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நைதரசன் வேண்டும். வைக்கோலில் அது போதாது. இக்குறையைத் தீர்க்கும் சேர்மானமே நமக்கு வேண்டியது. அது நாம் வயலுக்கு இடும் யூரியாவேயாகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜயசூரிய முதலியோர் யூரியாவால் வைக்கோலைப் பதப்படுத்தும் முறையை ஆராய்ந்து 1982 இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் நெதர்லாந்தின் உதவியோடு நடந்த வைக்கோற் பயன்பாட்டுத் திட்டம் அம்முறையை நம் நாட்டு உழவரிடையே சோதித்தது.

முறை எளியது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதனை ஏறக்குறைய 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைக்க வேண்டும். பொலித்தீன் விரிப்பின் மேல் வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் கரைசலைச் சமமாகத் தெளித்து, நன்றாக மிதித்துக் காற்றுப் புகாதபடி மூடிவிட வேண்டும். உள்ளே யூரியா அமோனியாவாக மாறி, நாரின் இறுகிய கட்டைத் தளர்த்துகிறது. நம் வெப்பத்தில் பத்து நாளளவிற் பதமாகிவிடும். திறந்து, வேண்டிய அளவை எடுத்துச் சிறிது நேரம் காற்றாட விட்டு, முதலிற் பிற வைக்கோலோடு கலந்து சிறிதளவாகவே கொடுத்துப் பழக்க வேண்டும். புரத அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். மாடு உண்ணும் அளவும் கூடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. யூரியா அளவோடு நின்றால் உணவு. அளவு மிஞ்சினால் நஞ்சு. குடிநீரிற் கரைத்துக் கொடுக்கவே கூடாது. கரைசல் கலந்த பாத்திரத்தையும் உரப் பையையும் மாடு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோல் ஆகாது. அவற்றின் முதல் வயிறு இன்னும் நிலைபெறவில்லை. இரைமீட்டாத விலங்குகளுக்கும் ஆகாது.

செலவையும் மறைத்தல் தகாது. நூறு மாடுள்ள பட்டி முழுவதற்கும் வைக்கோலைப் பதப்படுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. பொலித்தீனுக்கும் யூரியாவுக்கும் காசு வேண்டும்; ஆள் வேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயலுக்கே யூரியா கிடைக்காமற் போனதையும் நாம் கண்டோம். ஆகையாற் கன்று ஈன்ற பசு, நலிந்த மாடு, விற்பனைக்கென்று கட்டிவைத்து வளர்க்கும் எருது ஆகியவற்றைத் தெரிந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் இதனைச் செய்தல் அறிவுடைமை. மற்றவற்றுக்குச் சீனி ஆலைக் கழிவுப்பாகு, யூரியா, உப்பு, கனிமங்கள் சேர்த்து இறுக்கிய நக்குக்கட்டிகள் உதவும். கட்டி கடினமாயிருப்பதால் மாடு நக்கி நக்கியே உண்ண முடியும். யூரியா சிறிது சிறிதாகச் சென்று நுண்ணுயிர்களுக்குப் பயன்படும். மழையில் அது கரையாதவாறு கூரையின் கீழ் வைக்க வேண்டும்.

காசில்லாத சேர்மானமும் உண்டு. வேலிதோறும் நிற்கும் சீமைக்கிளுவையின் இலையில் வைக்கோலைப்போல் ஐந்து ஆறு மடங்கு புரதம் இருக்கிறது. முதலில் அதன் மணத்தை வெறுக்கும் மாடும், வாடவைத்துக் கொடுத்தாற் சில நாளிற் பழகிவிடும். இப்பில் இப்பில் இலையும் ஊட்டமுடையதே. ஆயின் அதில் மயிர் உதிரச் செய்யும் ஒரு நஞ்சுண்டு. அவுஸ்திரேலியாவில் அவ்விலை தின்ற மாடுகள் நோயுற, ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதைத் தின்று நலமாயிருந்தன. அவ்வாடுகளின் வயிற்றிலிருந்த ஒரு பற்றீரியாவே நஞ்சை முறித்தது என்று அறிஞர் ஜோன்ஸ் கண்டறிந்தார். அவ்வயிற்று நுண்ணுயிர்களை அவுஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தியதும் அவற்றுக்கும் அவ்வாற்றல் வந்தது. மாட்டின் நலம் அதன் வயிற்றுக் குடிகளின் கையில் உளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாட் கடமைக்காகவோ சந்தைக்காகவோ எருதைச் சில மாதம் கட்டிவைத்துத் தவிடும் புண்ணாக்கும் கொடுத்துக் கொழுக்கவைப்போர்க்குத் தனியாக ஒரு சொல். இதுவே நம் பகுதியில் தானிய உணவுக்கு மிக அண்மித்த முறை. அதனை ஒரே நாளில் தொடங்காதீர்கள். சிறிதளவில் ஆரம்பித்து, சில நாளுக்கொரு முறை சிறிது கூட்டி, முழு அளவை எட்ட மூன்று கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய உணவுக்கேற்ப நுண்ணுயிர்கள் மாற அவ்வளவு காலம் வேண்டும். நாளுக்குரியதை ஒரே வேளையிற் கொடாது இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். முதலில் வைக்கோல் அல்லது புல். அதன் பின்னரே தவிடு. மொத்த உணவிற் பாதிக்குக் குறையாது நார்த்தீவனம் இருக்கட்டும். அவ்வாறு செய்தால் அப்பச்சோடாவுக்குப் பெரும்பாலும் தேவையே ஏற்படாது. மாட்டின் வாயே அதனைச் சுரந்துகொள்ளும். கல்லுப்பும் தூய நீரும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கடையில் ஒரு பொட்டலத்தை வாங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எந்தக் குறைக்கு மாற்று? அக்குறை என் மாட்டுக்கு உண்டா? விடை தெரியாவிடின் மிருக வைத்தியரைக் கேளுங்கள். வரும் அறுவடையின் போது நெற்குவியலுக்குக் காவல் வையுங்கள். வைக்கோலுக்குத் தீ வையாதீர்கள். போராக உயர்த்தி மூடி வைத்த அந்த வைக்கோலே மாரி காலத்தில் உங்கள் பட்டியைக் காக்கும் முதற் சேர்மானம்.